இராமானுஜன் கண்ட பேரெண்

கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி எழுதப் புகுவோர் 1729 என்னும் எண்ணைக் கூறாது விடுவதில்லை. இலண்டன் மாநகரைச் சார்ந்த பட்னி என்னுமிடத்தில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் யாதொரு சுவையும் இல்லை என்றும் சொன்னார். இராமானுஜன் அதனை உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என விளக்கினார். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. இச்செய்தி நம் காலனிக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். ஆதலின் அதனை இவ்வளவோடு நிறுத்தி, அதிகம் பேசப்படாத வேறோர் எண்ணை இம்மலரில் எடுத்துக்கொள்கின்றோம்.

அவ்வெண் 67,46,32,83,88,800 ஆகும். ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. 1915-ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இராமானுஜன் எழுதிய நெடுங்கட்டுரையில் ஓர் அட்டவணை உளது. அதன் கடைசியில் நிற்கும் எண் இதுவே. இதன் குணம் யாது, இதனை அவர் எங்ஙனம் கண்டார், அதற்காக அவரும் அவரைச் சார்ந்தோரும் பட்ட பாடு யாது என்பவற்றைக் கூறுதலே எம் நோக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கு அறிந்தோர்க்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. யாமும் அதற்கு மேல் கற்றவரல்லேம்.

இரண்டு ரூபாய்களின் கணக்கு

ஒரு பொருளைப் பலர்க்குச் சரிசமமாகப் பங்கிடுதல் மிகப் பழைய கணக்கு. 12 பழங்களை இருவர்க்கும் மூவர்க்கும் நால்வர்க்கும் அறுவர்க்கும் மீதியின்றிப் பங்கிடலாம். 13 பழங்களாயின் பதின்மூவர்க்கு ஒவ்வொன்று கொடுப்பதன்றி வேறு வழியில்லை. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்று பள்ளியில் படித்தோம். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள்; 13-க்கு 1, 13 என இரண்டே காரணிகள். டஜன் கணக்கு கடைவீதியில் இன்றளவும் நிலைத்திருப்பதற்கும், நாளொன்றுக்கு நாழிகை அறுபது என்ற முறை நம் முன்னோர்க்கு வசதியாயிருந்ததற்கும் காரணம் அவ்வெண்கள் பங்கீட்டிற்கு எளிதில் இணங்குவதே.

நாம் வாழும் ஆரியசாலையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கார்த்திகைத் திருநாள் மன்னர் காலத்தில் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைவீதியை ஒட்டியது ஆரியசாலை. தமிழ் வணிகரும் அவர்தம் கணக்கர்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே பிழைத்து வந்தனர். திருவிதாங்கூர் தனி அரசாயிருந்த நாளில் அவர்கள் இருவகை ரூபாய்களை அறிந்திருத்தல் வேண்டும். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அணா 16. அணாவுக்குப் பைசா 12. ஆக 192 பைசா. திருவிதாங்கூர் ரூபாய்க்குப் பணம் 7; பணத்துக்குச் சக்கரம் 4; சக்கரத்துக்குக் காசு 16; ஆக 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்று 28 சக்கரம் 8 காசுக்குச் சமம் என்று மாற்றிக் கணக்கெழுதினர்.

இவ்விரண்டு எண்களையும் சற்றே பிரித்துப் பார்ப்போம். 192 என்பது ஆறு இரண்டுகளும் ஒரு மூன்றும் பெருகிய எண். 448 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஏழும் பெருகிய எண். காரணிகளை எண்ணினால் 192-க்கும் பதினான்கு, 448-க்கும் பதினான்கு! ஏழு இருந்த இடத்தில் மூன்றை வைத்தால் எண் சிறுத்துவிடுகின்றது. காரணிகளின் தொகையோ குறையவில்லை. இதனால் ஒரு நெறி விளங்குகின்றது. சிறிய எண்ணிலேயே மிகுந்த காரணிகள் வேண்டுமாயின், சிறிய பகா எண்களையே முதலில் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இன்னொரு நெறியும் உண்டு. 192-இல் ஆறு இரண்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. அது வீண். மூன்று இரண்டுகள், ஒரு மூன்று, ஓர் ஐந்து எனப் பெருக்கினால் 120 ஆகும். 120 இவ்விரண்டையும் விடச் சிறியது. ஆயினும் அதற்குப் பதினாறு காரணிகள். ஆகவே ஒரே பகா எண்ணை அளவு மீறி அடுக்குதலும் கூடாது. பெரிய பகா எண்களுக்குத் தாவுதலும் கூடாது. எவ்வளவு அடுக்கலாம், எப்பொழுது அடுத்த பகா எண்ணுக்குச் செல்லலாம் என்பதே கேள்வி. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ரூபாய்க்கு நூறு பைசா என்றாயிற்று. எழுதவும் கூட்டவும் நூறு எளிது என்பது மெய். பங்கிடும் குணத்தில் அது பின்தங்கியதே. 100-க்கு ஒன்பது காரணிகள். அதனினும் சிறிய 60-க்குப் பன்னிரண்டு.

கடைக்காரரும் வானநூலாரும் பழக்கத்தால் அறிந்த இக்குணத்தை எடுத்துக்கொண்டு, தனக்குச் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவு காரணிகளை உடைய எண்கள் யாவை என்று முறையாக ஆராய்ந்தவர் இராமானுஜன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என அவை தொடங்குகின்றன. மிகு பகு எண்கள் என்று தமிழில் அவற்றைச் சொல்லலாம்.

கணக்கர் மகன்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாயைப் பெற்றோர் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதிக் குடும்பம் நடத்தியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு. ஆரியசாலையில் துணிக்கடைக் கணக்கர் வீடு எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட குடும்பந்தான் அதுவும்.

1898-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளியில் பரிசுகள் பல பெற்றார். 1903-ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. தேர்வு எழுதும் மாணவர்க்காக ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாக அடுக்கிய நூல் அது. நிரூபணங்கள் பெரும்பாலும் அதில் இல்லை. அக்குறையே அவர்க்கு வாய்ப்பாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அம்முயற்சியில் புதியன பல கண்டார்.

1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து மற்றப் பாடங்களை விட்டமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. 1907-இல் தனியாக எழுதினார், அப்பொழுதும் தேறவில்லை. இருபது வயது இளைஞர், பட்டமில்லை, வேலையில்லை. வீட்டிலோ வறுமை. 1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜானகி என்னும் சிறுமியை மணம் செய்வித்தனர். அக்கால வழக்கப்படி மணமகளுக்குப் பத்து வயதளவே ஆகியிருந்தது.

காகிதம் விலை மிகுந்த பொருளாதலின் சிலேட்டுப் பலகையிலேயே கணக்கிட்டார். துணியெடுத்துத் துடைக்கவும் பொழுதின்றி முழங்கையால் அழித்து அழித்து எழுதினார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் பதிந்தார். வழியெல்லாம் பலகையோடு அழிந்தது. அவர் நோட்டுப் புத்தகங்களில் விடைகள் நிறைந்தும் நிரூபணங்கள் அருகியும் காணப்படுவதற்கு இவ்வறுமையும் ஒரு காரணம்.

சிறு தொகைகளின் உதவி

இந்நிலையில் அவரை உலகம் கைவிடவில்லை. இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவரும் திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராயிருந்தவருமான இராமசாமி ஐயரை 1910-இல் சென்று கண்டார். அவர் ஒருவரிடம் அனுப்ப, அவர் மற்றொருவரிடம் அனுப்ப, சேஷு ஐயர் முதலியோர் முயற்சியால் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவை அடைந்தார். அப்பெருமகனார் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, மாதந்தோறும் இருபத்தைந்து ரூபாய் தம் கையினின்று அளித்துவந்தார். பிறர் பொருளில் நெடுநாள் உண்ண இராமானுஜனுக்கு மனமில்லை. வேலை தேடினார்.

1912-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள் இருபது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராயிருந்தார். மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே கணக்குத் தலைமையில் இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். இரவுகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணக்கிடுவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்துக்கு வருமுன் ரயில்வே பொறியாளராய் நெடுங்காலம் பணியாற்றியவர். அவரும் இவ்வெழுத்தரிடம் கருணை காட்டினார். மேலதிகாரி ஒருவர் தம் கீழ்ப் பணிபுரியும் எழுத்தரின் திறமையைக் கண்டு மகிழ்ந்து வழிவிடுதல் எத்துணை அரிது என்பதை அலுவலகங்களில் காலங்கழிப்போர்க்கு யாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிப் பேரறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் விடுத்தார். தம்மைக் குறைந்த சம்பள எழுத்தர் என்று மறைக்காமல் அறிமுகம் செய்துகொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை அதனுடன் இணைத்தார். ஹார்டி அதன் அருமையை உணர்ந்தார். அதன் பயனாகவும், வானிலை ஆய்வுத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையாலும் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. பட்டம் பெறாத ஒருவர்க்குப் பல்கலைக்கழகம் இங்ஙனம் அளித்தது பெரிய செயலே. பின்னர் நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் சென்னைக்கு வந்து பேசி இசைவிக்க, 1914 மார்ச் 17-இல் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

பேரெண்ணின் அமைப்பு

ஏப்ரல் மாதம் இலண்டன் சேர்ந்தார். ஆகஸ்டு மாதம் முதல் உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவினராதலால் கல்லூரி உணவை ஏற்கவில்லை, தாமே சமைத்துண்டார். அக்குளிர் நாட்டில் அமர்ந்து அவர் எழுதிய கட்டுரையே மிகு பகு எண்களைப் பற்றியது. 1915-இல் அச்சாயிற்று. இலண்டன் கணிதக் கழக வெளியீட்டின் பதினான்காம் தொகுதியில் 347-ஆம் பக்கம் முதல் 409-ஆம் பக்கம் வரை அஃது உளது.

இனி நம் பேரெண்ணைப் பகுத்துக் காண்போம். ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவையனைத்தையும் பெருக்கினால் 67,46,32,83,88,800 வரும். ஐயமுடையோர் தாளெடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.

இதன் காரணிகளை எண்ணுவதற்கு ஒவ்வொன்றாக எழுத வேண்டுவதில்லை. ஒரு காரணியை அமைக்கும்போது இரண்டை ஒருமுறையும் எடாமலிருக்கலாம், ஒருமுறை எடுக்கலாம், ஆறுமுறை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். மூன்றுக்கு ஐந்து வழிகள், ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு மூன்று, எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் எடுத்தல், விடுத்தல் என இரண்டிரண்டு வழிகள். இவ்வழிகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 10,080. அத்தனை காரணிகள் இவ்வெண்ணுக்கு. 1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களும் இதனை மீதியின்றி வகுக்கும். 29-இல்தான் முதன்முதல் மீதி தோன்றும். பிரிட்டிஷ் ரூபாயின் 192 பைசாவும் இதில் சரியாக அடங்கும். திருவிதாங்கூர் ரூபாயின் 448 காசும் சரியாக அடங்கும்.

காரணிகள் பல உடைய எண்ணைக் கண்டுபிடித்தல் பெரிதன்று. இதனினும் சிறிய எண் எதற்கும் 10,080 காரணிகள் இல்லை என்று உறுதி கூறுவதே அரிது. விநாடிக்கு ஓர் எண் வீதம் இரவு பகல் ஓயாது சோதித்தாலும் இரண்டு இலட்சம் ஆண்டுகள் போதா. ஆகவே முதலில் விதி வேண்டும். இராமானுஜன் விதிகளை நிறுவினார். மிகு பகு எண்ணைப் பகுத்தால் பகா எண்கள் இரண்டு தொடங்கி இடைவெளியின்றி வரிசையாக வரும். முன்னதன் அடுக்கை விடப் பின்னதன் அடுக்கு மிகாது. கடைசிப் பகா எண் ஒரேமுறைதான் வரும், 4, 36 என்னும் இரண்டு எண்கள் மட்டுமே இதற்கு விலக்கு. ஏழை நீக்கி மூன்றை வைத்து நாம் சாலைக் கடைவீதிக் கணக்கில் கண்ட நெறியே முதல் விதியின் வித்து. அதன் மேல் அடுக்குகளின் அளவை நுண்ணிதாக வரையறுக்கும் வேறு பல விதிகளையும் அவர் நிறுவினார்.

விதிகள் பதரை நீக்கும். நெல்லை அளப்பது பின்னரும் கையுழைப்பே. எஞ்சிய எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கி, காரணிகளைத் தொகையிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஏறத்தாழ நூறு எண்களை வரிசைப்படுத்தினார். கணிப்பொறி இல்லாத காலம். பதின்மூன்று இலக்க எண் வரை சென்று அவர் கை நின்றது.

விடுபட்ட எண்

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுளது என்பதைப் பின்னாளில் சரிபார்த்தோர் கண்டனர். அது 2,93,31,86,25,600. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது அட்டவணையின் கடைசி எண்ணாகிய நம் பேரெண்ணேயாகும். இரண்டின் அமைப்பும் ஒன்றே. 23 மட்டும் விடுபட்ட எண்ணில் இல்லை. அதற்கு 5040 காரணிகள். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்தில் 5040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என்று வகுத்ததும், பலவாறு பங்கிட அவ்வெண் இசையும் என்பதாலேயாம். 5040-ம் மிகு பகு எண்களுள் ஒன்றே. அதற்கு அறுபது காரணிகள்.

இவ்விடுபாட்டை யாம் குறையாகக் கூறவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் இராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம். அன்னையின் அருளாலேயே தமக்குக் கணிதம் புலனாயிற்று என அவர் நம்பினார். அந்நம்பிக்கையை யாம் போற்றுகின்றோம். ஆனால் நம்மில் பலர் அதனை மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லி, இராமானுஜன் உறங்கி எழுந்தார், விடைகள் வந்து நின்றன என்பதுபோல் கதையை முடித்துவிடுகின்றனர். கேட்கும் குழந்தை, அருள் பெற்றவர்க்கு ஆகும், நமக்கு ஆகாது என்று புத்தகத்தை மூடுகின்றது. கனவில் முழுமையாக வந்த பட்டியலாயின் இடையில் ஓர் எண் விடுபடுமா? பெருக்கிப் பெருக்கி வரிசையிட்ட ஒரு மனிதரின் கை இங்கே ஒருமுறை ஓர் எண்ணைத் தாண்டிவிட்டது. கணக்கேட்டில் நாள் முழுதும் எண்களை ஏற்றும் எவரும் இதனை நன்கு உணர்வர். அருள் வந்த வழி எதுவாயினும், அட்டவணை வந்த வழி உழைப்பே என்பதற்கு இவ்விடுபட்ட எண் சான்று நிற்கின்றது.

இக்கட்டுரையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. போர்க் காலத்தில் கணிதக் கழகம் பொருள் முட்டுப்பட்டிருந்தமையால், இராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது கைப்பிரதியாகவே கிடந்து, 1997-ஆம் ஆண்டில் நிக்கோலா, ரோபன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் குறிப்புகளுடன் வெளியாயிற்று. காரணிகளைக் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அவ்வெல்லைக்குள் அடங்குமாயின், ரீமான் என்பவர் 1859-இல் கூறி இன்றளவும் நிறுவப்படாதுள்ள பெருங்கருத்து மெய்யாகும் என்று அதே ரோபன் 1984-இல் நிறுவினார். அத்துறையில் இராமானுஜன் எழுபது ஆண்டுகட்கு முன்னரே கால் பதித்திருந்தார் என்பது அப்பழைய தாள்களால் தெரியவந்தது. அச்சுக்குப் பணமில்லாமற் போனதால் எண்பத்திரண்டு ஆண்டுகள் உறங்கிய எழுத்து அது.

புகழும் நோயும்

மிகு பகு எண்களைப் பற்றிய ஆராய்ச்சியைச் சிறப்பாகக் கருதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் இராமானுஜனுக்கு ஆராய்ச்சிப் பட்டம் அளித்தது. எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறியவர்க்கு முதன்முதல் கிடைத்த பட்டம் அதுவே. பின்னர் ஹார்டியுடன் சேர்ந்து, ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எத்தனை வழிகளில் பிரிக்கலாம் என்பதற்கு வாய்பாடு கண்டார். 200-ஐப் பிரிக்கும் வழிகள் 39,72,99,90,29,388. மக்மகன் என்னும் இராணுவ மேஜர் கையால் கணக்கிட்டுத் தந்த இத்தொகையோடு வாய்பாட்டின் விடையும் ஒத்தது. அங்கும் நுண்ணறிவுக்குக் கையுழைப்பே சாட்சியாய் நின்றது.

1917-இல் நோய் பற்றியது. மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்கினார். 1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அவ்வாண்டிலேயே டிரினிடி கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். போர் ஓய்ந்தபின் 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. படுக்கையில் கிடந்தும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் முற்றிலும் புதியதொரு துறையைத் தொடங்கியிருந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு.

ஜானகியம்மையாரைப் பற்றி மலர்கள் அதிகம் பேசுவதில்லை. இருபது வயதளவில் கைம்பெண்ணாகி, பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியத்தையும் தம் தையற் பொறியையும் கொண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, ஒரு பிள்ளையையும் வளர்த்து ஆளாக்கினார். 1994-இல் மறைந்தார். கணவருடன் அவர் வாழ்ந்த காலம் மிகக் குறைவு. அவர் புகழைக் காத்திருந்த காலமோ எழுபத்து நான்கு ஆண்டுகள். கைத்தையலால் ஈட்டிய அவ்வாழ்வும் இராமானுஜன் வரலாற்றில் சேர வேண்டியதே.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் வரும் தொகைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பின் ஓர் உண்மை தெரியும். இராமச்சந்திர ராவின் இருபத்தைந்து ரூபாய், துறைமுகத்தின் முப்பது ரூபாய், பல்கலைக்கழகத்தின் எழுபத்தைந்து ரூபாய். ஒன்றும் பெருஞ்செல்வமன்று. தனித்தனியே சிறியனவாகிய இவை வரிசை தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இடையில் ஒன்று அறுந்திருந்தால் இராமானுஜன் கப்பலேறியிருக்க மாட்டார். பேரெண்ணும் அவர் கையால் எழுதப்பட்டிராது. மேதைமை அவருடையது, அதனை வாழவைத்த கைகள் பலருடையவை.

பிறந்த மண்ணைவிட்டு இந்நகரில் வந்து குடியேறிய நாம், ஒருவர் பிள்ளையை மற்றவர் தாங்கியே வளர்ந்தோம். தேர்வில் தவறிய பிள்ளை நம் காலனியிலும் உண்டு. அப்பிள்ளைக்கு இராமானுஜனும் தவறினார் என்று மட்டும் சொல்லித் தேற்றுதல் போதாது. தவறியபின் அவர் எத்தனை பலகை எழுதி அழித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்வதோடு நில்லாது, இராமசாமி ஐயரைப் போல அடுத்த வாயிலுக்கு அனுப்பவும், நாராயண ஐயரைப் போல உடன் அமரவும் வேண்டும்.

டிசம்பர் 22 இந்நாட்டில் தேசியக் கணித நாளாக 2012 முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. அன்று மாலை சங்க மன்றத்தில் சிறுவர் சிறுமியரைக் கூட்டி, மிகு பகு எண்களை ஆயிரம் வரை தாமே கண்டுபிடிக்கச் செய்யலாம். 360-க்குப் பின் வருவது எது, அதற்குப் பின் வருவது எது என்பதை யாம் இங்கே வேண்டுமென்றே எழுதாது விடுகின்றோம். பெற்றோரும் சொல்லிவிடாதிருப்பாராக. ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும். விடையைப் பிள்ளைகள் கையே காணட்டும்.